புது மீன் வீட்டுக்கு வரும் நாள்: உப்புநீர்த் தொட்டி கேள்வி பதில்

சிங்கப்பூர் அங் மோ கியோவில் 4 அறை வீடு, கூடத்தில் 3 அடித் தொட்டி, 16 வருடப் பழக்கம். இதனாலேயே உப்புநீர் மீன் வாங்கப் போகிற நம்மவர்கள் சந்தேகங்களை என்னிடம் தள்ளிவிடுகிறார்கள். இந்த முறை வந்தவற்றில் பாதிக்கு மேல் ஒரே நாளைப் பற்றியவை: கடையிலிருந்து பையோடு வீடு திரும்பும் நாள்.

கே: அண்ணே, பையை 15 நிமிடம் மிதக்கவிட்டு மீனை விட்டுவிடலாம் என்கிறார் கடைக்காரர். யூடியூபில் 2 மணி நேரம் சொட்டுச் சொட்டாக விடச் சொல்கிறார்கள். யாரை நம்புவது? (தெம்பனிஸிலிருந்து ஒரு தம்பி)

ப: பைத் தண்ணீரின் உப்பளவைப் பார்க்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது தம்பி. மிதக்கவிட்டால் வெப்பநிலை மட்டும்தான் சமனாகும். மீன் மட்டும் இருக்கும் தொட்டிகளைப் பல கடைகள் 1.018, 1.020 (நன்னீரை 1 என்று வைத்துச் சொல்லும் அடர்த்தி எண்; உப்பு கூடினால் இதுவும் கூடும்) என்று உப்பைக் குறைத்தே வைத்திருக்கும். உப்புச் செலவு மிச்சம், ஒட்டுண்ணித் தொல்லையும் குறைவு. பவளம் வைக்கும் ஆசையில் நாம் வீட்டில் 1.025 வைத்திருப்போம். இந்த இடைவெளிதான் வம்பு.

பையைத் திறந்ததும் ரிஃப்ராக்டோமீட்டரில் (ஒளி விலகலை வைத்து உப்பளவைக் காட்டும் கருவி) 2 சொட்டு விட்டுப் பாருங்கள். தொட்டிக்கும் பைக்கும் 0.001 அல்லது 0.002 தான் வித்தியாசம் என்றால் கடைக்காரர் சொன்னபடியே செய்யலாம். அதற்கு மேல் போனால் சொட்டு முறை. உங்கள் தொட்டியில் உப்பு குறைவாக இருந்தால் மீன் ஓரளவு சமாளித்துவிடும். உப்பு கூடினால்தான் உடம்புத் தண்ணீர் வெளியே இழுக்கப்பட்டுத் தவிக்கும்.

ஊசி ஆடும் பிளாஸ்டிக் மீட்டரை நம்பி இறங்க வேண்டாம். ஊசியில் ஒரு காற்றுக்குமிழி ஒட்டினாலே கணக்கு மாறிவிடும். ரிஃப்ராக்டோமீட்டரையும் 35 பிபிடி (ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு) கரைசல் வைத்து மாதம் ஒரு முறையாவது சரிபாருங்கள்.

கே: சொட்டு முறையைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்களேன். (ஈசூன் வாசகி)

ப: சுத்தமான வாளி ஒன்று. சோப்பு போட்டு வீடு துடைத்த வாளி வேண்டாம். மீனைப் பைத் தண்ணீரோடு அதில் ஊற்றுங்கள். காற்று மோட்டாருக்கு வாங்கும் மெல்லிய குழாயின் ஒரு முனையைத் தொட்டிக்குள் போட்டு, மறுமுனையில் உறிஞ்சிவிட்டால் தண்ணீர் இறங்கும். நடுவில் தளர்வாக ஒரு முடிச்சு. வினாடிக்கு 2 முதல் 4 சொட்டு வரும்வரை முடிச்சை இறுக்குங்கள்.

பையில் 1 லிட்டர் இருந்தது, அளவு 1.019, தொட்டி 1.025 என்று வைத்துக்கொள்வோம். வாளியில் 2 லிட்டர் ஆகும்போது 1.022. பாதியைக் கொட்டிவிட்டு மறுபடி 2 லிட்டர் ஆக்கினால் 1.0235. இன்னொரு முறை செய்தால் 1.024க்குக் கொஞ்சம் மேல். அது போதும். ஒவ்வொரு சுற்றிலும் மீட்டரில் பார்த்துவிடுங்கள், கடிகாரத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அதே சொட்டு வேகத்தில் 3 லிட்டர் சேரப் பல மணி நேரம் ஆகும், அதனால் சில நிமிடம் கழித்து முடிச்சைத் தளர்த்தி மெல்லிய தாரையாக விடுங்கள். சாதாரண மீனுக்கு ஒரு மணி நேரத்துக்குள் வேலை முடிந்துவிட வேண்டும்.

நம் ஊரில் ஒரு கூடுதல் தொல்லை உண்டு. சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரம்) வைத்த தொட்டி 26 டிகிரியில் இருக்கும், கூடமோ மதியம் 30ஐத் தொடும். ஒரு மணி நேரத்தில் வாளித் தண்ணீர் சூடேறிவிடும். ஏர்கான் அறை என்றால் நேர்மாறாகக் குளிர்ந்துவிடும். அதனால் கடைசி 10 நிமிடம் மீனை அந்தத் தண்ணீரோடு ஒரு பைக்கு மாற்றித் தொட்டியில் மறுபடி மிதக்கவிடுங்கள். அப்புறம் மீனை மட்டும் சின்ன டப்பாவில் அள்ளி விடுங்கள். பைத் தண்ணீர் ஒரு சொட்டுகூடத் தொட்டிக்குள் போகக் கூடாது. அதில் என்னென்ன கிருமி இருக்கிறதோ!

கே: வெளிநாட்டிலிருந்து வரவழைத்த மீன், பெட்டியிலேயே ஒரு நாள் கிடந்தது. மிகப் பொறுமையாக 2 மணி நேரம் சொட்டு விட்டேன். வாளியிலேயே செத்துவிட்டது. என்ன தப்பு செய்தேன்? (பொங்கோல்)

ப: பொறுமைதான் தப்பு. வருத்தமாக இருக்கிறது, ஆனால் இது பலருக்கும் நடப்பதுதான்.

மூடிய பையில் மீன் மூச்சு விட விடக் கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து பிஎச் (தண்ணீரின் அமில, கார அளவு) இறங்கும். கழிவிலிருந்து அம்மோனியாவும் சேரும். பிஎச் குறைவாக இருக்கும்வரை அதில் பெரும்பகுதி அம்மோனியம் என்ற வடிவில் இருக்கும், விஷம் குறைவு. பையைத் திறந்து காற்று பட்டதும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறிவிடும். போதாததற்கு 8.2 பிஎச் உள்ள தொட்டித் தண்ணீரும் சொட்டுகிறது. பிஎச் ஒரு படி ஏறினால் விஷ வடிவம் ஏறக்குறைய 10 மடங்காகும். 2 மணி நேரம் அந்த மீன் தன் கழிவிலேயே வெந்திருக்கிறது.

சிராங்கூன் நார்த்திலோ கிளமெண்டியிலோ வாங்கி அரை மணி நேரத்தில் வீடு சேரும் மீனுக்கு இந்தக் கவலை கிடையாது. நீண்ட பயணம் செய்த மீனுக்குப் பையைத் திறக்காமலே மிதக்கவிட்டு, திறந்த உடனே அதே உப்பளவில் தயாராக வைத்த வேறு தண்ணீருக்கு மாற்றிவிட வேண்டும். அந்தத் தண்ணீரை எப்படித் தயாராக வைப்பது என்பது அடுத்த பதிலில்.

கே: தனிமைத் தொட்டி கட்டாயமா? வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் இடம் எங்கே இருக்கிறது அங்கிள்? (செங்காங்)

ப: என்னைக் கேட்டால், புதிதாகத் தொடங்குபவர் முதலில் வாங்க வேண்டியதே அதுதான். பெரிய ஏற்பாடு இல்லை தம்பி. 40 லிட்டர் பிளாஸ்டிக் பெட்டி, ஸ்பாஞ்ச் ஃபில்டர், மீன் ஒளிந்துகொள்ள பிவிசி குழாய்த் துண்டு ஒன்று, மேலே வலை. என் வீட்டில் சோபாவுக்குப் பின்னால் இருக்கிறது. மனைவிக்குப் பிடிக்காது, பழகிவிட்டார். ஸ்பாஞ்சைச் சில வாரம் முன்கூட்டியே பெரிய தொட்டியில் போட்டு வையுங்கள், பாக்டீரியா அதில் குடியேறிவிடும்.

இதில் உள்ள வசதியைப் பலர் யோசிப்பதில்லை. மீன் வாங்கப் போகும் கடையில் என்ன உப்பளவு வைத்திருக்கிறார்கள் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். 1.019 என்றால் பெட்டியையும் 1.019க்குக் கொண்டுவந்து வைத்துவிடலாம். வெப்பநிலைக்கு 15 நிமிடம் மிதக்கவிட்டால் போதும், சொட்டே வேண்டாம். அப்புறம் நாளுக்கு 0.001 வீதம் ஏற்றினால் ஒரு வாரத்தில் 1.025 வந்துவிடும். மீனுக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியாது. எனக்குத் தெரிந்து இதைவிடச் சுலபமான பழக்கல் இல்லை.

மொத்தம் 4 வாரமாவது அங்கே வைத்துக் கவனியுங்கள். வெண்புள்ளி வந்தால் மருந்து அங்கேயே போடலாம். தாமிர மருந்தை மட்டும் பெரிய தொட்டியில் போடவே கூடாது. இறால், நத்தை, பவளம் எல்லாம் போய்விடும்.

கே: இறாலுக்கும் இதே முறைதானா? (பிடோக்)

ப: இல்லை, அதற்கு இன்னும் மெதுவாக. நான் தொடங்கிய வருடம் ஒரு கிளீனர் இறால் வாங்கினேன். கடை எது என்று சொல்லப் போவதில்லை, தப்பு என்னுடையது. 15 நிமிடம் மிதக்கவிட்டு விட்டுவிட்டேன். விட்ட உடனே பாறைமேல் பக்கவாட்டில் சாய்ந்தது. வெள்ளை மீசை மட்டும் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. காலையில் அதுவும் இல்லை. மீதமிருந்த பைத் தண்ணீரை அப்புறம்தான் அளந்தேன்: 1.019.

இறாலுக்கும் நட்சத்திர மீனுக்கும் வினாடிக்கு 1 சொட்டு, ஒன்றரை முதல் 2 மணி நேரம். அவை மீன் அளவுக்குக் கழிவு போடுவதில்லை, அதனால் நேரம் நீண்டாலும் பரவாயில்லை. நட்சத்திர மீனைத் தண்ணீருக்கு வெளியே தூக்காதீர்கள்.

கே: குழாய்த் தண்ணீரை ஒரு இரவு வைத்துவிட்டு உப்பு கலக்கலாமா? ஊரில் அப்பா அப்படித்தான் செய்வார். (ஜூரோங்)

ப: ஊரில் குளோரின், ஒரு இரவில் பறந்துவிடும். இங்கே குழாயில் வருவது குளோராமின், அவ்வளவு லேசில் போகாது. அதற்கான நீக்கி போடுங்கள், அல்லது ஆர்ஓ-டிஐ (உப்பு, தாது எல்லாம் நீக்கி வடிகட்டிய) தண்ணீர் பிடியுங்கள். வடிகட்டிய கடல்நீர் விற்கிறார்களே என்றும் கேட்டிருக்கிறீர்கள். நல்லதுதான். ஆனால் நம் கடற்கரை நீரின் உப்பு திறந்த கடலைவிடக் கொஞ்சம் குறைவு, அளந்து பார்த்துவிட்டு ஊற்றுங்கள். ஈஸ்ட் கோஸ்ட்டில் வாளியில் அள்ளிக்கொண்டு வரும் யோசனை வேண்டவே வேண்டாம்.

கே: சில்லருக்குப் பணம் இல்லை, மின்விசிறி வைத்திருக்கிறேன். முதல் மீன் நன்றாக இருக்கிறது. ஒரு மாதம் கழித்து வாங்கிய மீன்கள் மட்டும் செத்துப் போகின்றன. (உட்லண்ட்ஸ்)

ப: குறையும் தண்ணீருக்கு ஈடாக உப்புநீர் ஊற்றுகிறீர்கள், சரியா? விசிறி ஓடினால் தண்ணீர் ஆவியாகும், உப்பு அங்கேயே நிற்கும். என் தொட்டியிலேயே விசிறி வைத்திருந்த காலத்தில் நாளுக்கு 2 லிட்டர் போகும். அதற்கு நன்னீர்தான் ஊற்ற வேண்டும். நீங்கள் செய்ததில் தொட்டி இப்போது 1.030 பக்கம் இருக்கலாம். பழைய மீன் நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிக்கொண்டது. புதிதாக வருவதற்கு அது ஒரே தாவல். நன்னீர் சேர்த்துச் சில நாளில் மெல்ல இறக்குங்கள். அதுவரை கடைப்பக்கம் போகாதீர்கள்.

கே: 2 அடித் தொட்டி வாங்கி ஒரு வாரம் ஆகிறது. மகள் நீல டாங் கேட்கிறாள். (தோ பாயோ)

ப: அது 30 சென்டிமீட்டர் வரை வளரும், 2 அடியில் வேண்டாம். ஒரு வாரத் தொட்டியில் எந்த மீனும் வேண்டாம். அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியம் காட்ட 4 முதல் 6 வாரம் ஆகும். அதற்கப்புறம் கடலில் பிடிக்காமல் தொட்டியிலேயே முட்டையிலிருந்து வளர்த்த கோமாளி மீன் ஒரு ஜோடி வாங்கிக் கொடுங்கள்.

கே: புது மீனைத் தொட்டியில் விட்டு 2 நாள் ஆகிறது. பாறைக்குப் பின்னால் போய் ஒளிந்தது, வெளியே வரவே இல்லை. சாப்பிடவும் இல்லை. (கிளமெண்டி வாசகி)

ப: இரண்டு மூன்று நாள் அப்படி இருக்கும் அக்கா. விளக்கைக் குறைத்து வையுங்கள், பாறையைப் புரட்டித் தேடாதீர்கள். பழைய மீனுக்கு முதலில் ஒரு மூலையில் தீனி போட்டு, அது அங்கே மும்முரமாக இருக்கும்போது உறைபனி இளக்கிய மைசிஸ் இறாலை (மீனுக்குத் தீனியாக விற்கும் சின்ன இறால்) பாறைப் பக்கம் கொஞ்சம் விடுங்கள். டார்ச் அடிப்பதானால் செவுளை மட்டும் பாருங்கள். மூச்சு நிதானமாக இருந்தால் சரி. படபடவென்று அடித்துக்கொண்டால் அம்மோனியாவை உடனே சோதியுங்கள், சுழியம் என்று வந்தாலும் எனக்கு ஒரு வீடியோ அனுப்புங்கள். தொட்டிக்கு மூடி போட்டிருக்கிறீர்களா? புது மீன் குதிப்பது பெரும்பாலும் ராத்திரியில்தான். மூடி இல்லை என்றால் இன்றைக்கே ஒரு வலையாவது கட்டிவிடுங்கள்.