ஸ்பென்சர் பிரபுவின் நூல்கள் எங்கே போயின?

இங்கிலாந்தின் ஆல்தார்ப் மாளிகையில் ஸ்பென்சர் பிரபுக் குடும்பம் சேர்த்த அரிய நூல்கள் இன்று மான்செஸ்டரில், ஜான் ரைலண்ட்ஸ் நூலகத்தில் இருக்கின்றன.

இரண்டாம் ஸ்பென்சர் பிரபுவுக்குத் தொடக்ககால அச்சு நூல்கள் என்றால் உயிர். 1812இல் ஓர் ஏலத்தில், இத்தாலிய எழுத்தாளர் பொக்காச்சியோவின் 'டெக்கமரான்' கதைத் தொகுப்பு 1471இல் வெனிஸில் அச்சான பிரதி ஒன்றுக்கு 2,250 பவுண்டு வரை கேட்டார். பிளாண்ட்ஃபோர்டு பிரபு பத்தே பவுண்டு கூட்டிக் கேட்டுத் தட்டிச் சென்றார். ஏழு ஆண்டுகள் கழித்து பிளாண்ட்ஃபோர்டு கடனில் மூழ்கவே, அதே பிரதி 918 பவுண்டுக்கு ஏலம் போய் ஸ்பென்சரிடம் வந்து சேர்ந்தது!

1892இல் ஸ்பென்சரின் பேரன் இந்நூல்களை விற்க முன்வந்தபோது, எல்லாம் பலர் கைக்குச் சிதறிப் போயிருக்கக்கூடும். ஆனால் தொழிலதிபர் ஜான் ரைலண்ட்ஸின் மனைவி என்ரிக்கேட்டா, கூட்டன்பர்க் பைபிள் உட்பட ஏறத்தாழ 40,000 நூல்களையும் மொத்தமாக வாங்கினார். மறைந்த கணவரின் நினைவாக அவர் கட்டிய நூலகம் 1900இல் வாசகர்களுக்குத் திறக்கப்பட்டது.