நடிகருக்கு மன்னிப்புக் கடிதம் அனுப்பட்டுமா?

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, எனக்கு வயது 21. எம்.காம். படிக்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு கொரிய பி.எல். (‘பாய்ஸ் லவ்’, ஆண்களுக்கு இடையிலான காதலைச் சொல்லும்) தொடர் பார்த்தேன். இரண்டு கல்லூரி மாணவர்களின் காதல் கதை. ஆறாவது பாகத்தில் ஒருவன் மற்றவனுக்குக் குடையைப் பிடித்துவிட்டுத் தான் நனைந்துகொண்டே நடப்பான். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. அந்த இரண்டு நடிகர்களும் நிஜ வாழ்விலும் காதலர்கள் என்று நம்பும் ரசிகர் குழு ஒன்றில் சேர்ந்தேன். படப்பிடிப்புக் காட்சிகளை நிறுத்தி நிறுத்திப் பார்த்து ‘ஆதாரம்’ திரட்டுவோம். போன மாதம் அவர்களில் ஒருவர் ஒரு பெண்ணோடு உணவகத்தில் இருக்கும் படம் வெளியானது. குழுவே கொதித்துப்போய் அவருடைய இன்ஸ்டாகிராமில் திட்டி எழுதியது. நானும் மொழிபெயர்ப்புச் செயலியின் உதவியோடு, ‘எங்களை ஏமாற்றிவிட்டாய், உண்மையைச் சொல்லத் துணிவில்லையா?’ என்று கொரிய மொழியில் எழுதினேன். அந்தப் பெண்ணின் பக்கத்திலும் போய் ஒரு வரி எழுதினேன். அவர் கணக்கையே மூடிவிட்டார். எனக்கு வெட்கமாக இருக்கிறது. குழுவில் சொன்னால், ‘நாம் தன்பாலீர்ப்பாளர்களின் பக்கம் நிற்கிறோம், நீதான் துரோகி’ என்கிறார்கள். நடிகரிடம் மன்னிப்புக் கேட்டு நீண்ட கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். அனுப்பட்டுமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

பதில்: அக்கா என்று அழைத்துவிட்டாய். அந்த உரிமையில் ‘நீ’ என்றே எழுதுகிறேன்.

அனுப்பாதே. இரண்டு பக்கங்களிலும் நீ எழுதிய வரிகள் இன்னும் இருந்தால் அவற்றை இன்றே அழித்துவிடு. அதோடு நிறுத்திக்கொள். உன் கடிதம் உனக்கு ஒன்றுதான். அவருடைய கைபேசியில் அது ஆயிரத்தோடு ஆயிரத்தொன்று. முகம் தெரியாத ஒருவரிடமிருந்து வரும் எதையும் திறக்கவே அஞ்சுகிற நிலையில் இருப்பவரிடம் போய், ‘என்னை மன்னித்தேன் என்று சொல்லுங்கள்’ என்று கேட்பது அவர் தலையில் இன்னொரு வேலையைக் கட்டுவது. அந்தப் பெண்ணைத் தேடிப்பிடித்து எழுதுவது அதைவிட மோசம். ஒளிந்துகொள்ளத்தான் அவர் கணக்கை மூடியிருக்கிறார்.

நீ அனுப்பிய கொரிய வரியைப் படியெடுத்து வைத்திருந்தாய் அல்லவா, அதைக் கொரிய மொழி படிக்கும் என் அண்ணன் மகளிடம் காட்டினேன். படித்ததும் முகம் சுளித்தாள். நம் ‘நீ’, ‘நீங்கள்’ போல அங்கேயும் பேச்சில் படிநிலைகள் உண்டு. நம்முடையதைவிடக் கூடுதலாகவே உண்டு. நெருங்கிய நண்பரிடமும் இளையவரிடமும் மட்டும் பேசும் நடைக்குப் ‘பன்மால்’ என்று பெயர். செயலி உன் கோபத்தை அந்த நடையில் பெயர்த்துக் கொடுத்திருக்கிறது. வயதில் மூத்த, அறிமுகமே இல்லாத ஒருவரை ஏக வசனத்தில் அழைத்து, துணிவில்லையா என்று கேட்டிருக்கிறாய். நான் இப்போது உன்னை ‘நீ’ என்பதற்கு நீ கொடுத்த உறவு இருக்கிறது. உனக்கு அவர் அப்படி எதையும் கொடுக்கவில்லை.

இனி உங்கள் ‘ஆதாரங்களுக்கு’ வருவோம். உன்மேல் மட்டும் பழி போட எனக்கு மனமில்லை. கொரிய பி.எல். இளம் தொழில். முதல் தொடர் என்று பலரும் சொல்லும் ‘வேர் யுவர் ஐஸ் லிங்கர்’ வந்தது 2020இல்தான்; எட்டே சிறு பாகங்கள். 2022இல் வாட்சா என்ற கொரிய இணையத் திரைத் தளத்தில் வந்த ‘செமான்டிக் எரர்’ பெரும் வெற்றி பெற்ற பிறகுதான், இதில் நடித்தால் பெயர் கிடைக்கும் என்று ஊரே திரும்பிப் பார்த்தது. பெரும்பாலும் சிறிய முதலீடு, புதுமுகங்கள் அல்லது அவ்வளவாகப் பெயர் பெறாத ‘ஐடல்’ எனப்படும் பாப் இசைக் குழுக்களின் இளைஞர்கள். விளம்பரத்துக்குப் பெரிய பணம் இல்லாத இடத்தில் மேக்கிங் காட்சிகளும் ஜோடிப் பேட்டிகளுமே விளம்பரம். ஒருவர் மற்றவரின் காலரைச் சரிசெய்வார், கேமரா அங்கே இருக்கும். யாரோ படம் பிடித்து, யாரோ வெட்டி ஒட்டி, யாரோ ஒப்புதல் கொடுத்து உன் கைபேசிக்கு வந்த சரக்கு அது. நீங்கள் கண்டுபிடித்ததாக நினைத்த ரகசியம் விற்பனைக்கென்றே வைக்கப்பட்டிருந்தது.

அந்த இருவருக்கும் இடையே உண்மையான நட்பு இருந்திருக்கலாம், காதலே கூட இருந்திருக்கலாம். எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது. நம் கூத்து மேடையில் பாஞ்சாலி வேடம் கட்டிய ஆணைக் கும்பிட்டுக் கண்ணீர் விடும் பாட்டிகளை நான் பார்த்திருக்கிறேன். விடிந்ததும் அரிதாரத்தைக் கலைத்துவிட்டு அவர் தேநீர்க் கடையில் நிற்பார். ‘நீ உண்மையில் யார்?’ என்று எந்தப் பாட்டியும் பின்னாலேயே போனதில்லை.

‘தன்பாலீர்ப்பாளர்களின் பக்கம் நிற்கிறோம்’ என்ற பேச்சுதான் எனக்கு ஆத்திரமூட்டுகிறது. உங்கள் குழு அந்த நாட்டைப் பற்றி ஏதாவது தெரிந்துகொண்டதா? ஹொங் சொக்-சொன் என்ற நடிகர் 2000இல் தான் தன்பாலீர்ப்பு கொண்டவர் என்று வெளிப்படையாகச் சொன்னார். கைவசமிருந்த நிகழ்ச்சிகளிலிருந்து நீக்கப்பட்டார். மீண்டும் திரைக்கு வர ஆண்டுகள் ஆயின. பாகுபாட்டுத் தடைச் சட்டம் 2007 முதல் பேசப்பட்டும் நிறைவேறவில்லை. உடல்தகுதி உள்ள ஆண்கள் எல்லோரும் ராணுவத்துக்குப் போக வேண்டிய நாடு அது. தரைப்படை என்றால் 18 மாதம். அந்த ராணுவக் குற்றவியல் சட்டத்தின் 92-6ஆம் பிரிவு, சம்மதத்தோடு நடந்தாலும் ஆண் வீரர்களுக்கு இடையிலான உடலுறவைத் தண்டிக்கிறது. படைமுகாமுக்கு வெளியே தனிமையில் நடப்பதற்கு அது பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2022இல் சொன்னது. ஆனால் அந்தப் பிரிவு செல்லும் என்று அரசியல் சாசன நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது. 2024இல் தன்பாலீர்ப்புள்ள இளைஞன் ஒருவனின் கதையான ‘லவ் இன் தி பிக் சிட்டி’ தொடர் வெளிவரும் முன்பே பழமைவாத அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன. முன்னோட்டக் காட்சிகள் இணையத்திலிருந்து எடுக்கப்பட்டன. தொடர் வெளிவந்தது, அது வேறு விஷயம்.

இப்படிப்பட்ட ஊரில், இருபதுகளில் இருக்கும் ஒரு நடிகரிடம், ஆயிரம் பேர் முன்னிலையில், ‘நீ அதுதானே, ஒத்துக்கொள்’ என்கிறீர்கள். அவர் அப்படி இல்லையென்றால் பொய்யர் ஆகிறார். அப்படி இருந்தால், எப்போது, யாரிடம் சொல்வது என்று அவர் பாதுகாத்து வைத்திருந்ததை நீங்கள் தெருவில் கொட்டுகிறீர்கள். எதிர்ப்பாளர்கள் கேட்பதும் இதே கேள்விதான். இது கொரியாவோடு நிற்கும் நோயும் இல்லை. பிரிட்டனில் ‘ஹார்ட்ஸ்டாப்பர்’ தொடரில் நடித்த கிட் கானர் ஒரு நடிகையோடு கைகோத்துப் போனதற்காகத் துளைத்தெடுக்கப்பட்டார். 2022இல், 18 வயதில், தான் இருபாலீர்ப்பு கொண்டவர் என்று அறிவிக்க வேண்டியதாயிற்று. தன்னை அதற்குக் கட்டாயப்படுத்தியவர்களை வாழ்த்தி எழுதிய வரியில் இருந்த கசப்பு இன்னும் ஆறியிருக்காது.

அந்தப் பெண்ணைப் பற்றி உன் கடிதத்தில் ஒரே வரிதான் இருக்கிறது. உன் கணக்கில் அவர் ஒரு தடங்கல். தோழியோ, அக்காவோ, காதலியோ, உணவகத்தில் சாப்பிட்டதைத் தவிர அவர் எதுவும் செய்யவில்லை. 2024 அக்டோபரில், தன் அறிமுகத்துக்கு முன்பு ஒரு பெண்ணோடு எடுத்துக்கொண்ட படங்கள் கசிந்ததால் ஒதுங்கியிருந்த சுங்ஹான் என்ற பாடகர் ரைஸ் என்ற கொரிய இசைக் குழுவுக்குத் திரும்புகிறார் என்று அறிவிப்பு வந்தது. ரசிகர்கள் நிறுவன வாசலில் நூற்றுக்கணக்கான இறுதிச்சடங்கு மலர்வளையங்களைக் கொண்டுவந்து வைத்தார்கள். இரண்டே நாளில் அவர் விலகினார். உயிரோடு இருக்கும் பையனுக்கு மலர்வளையம்! அதை அனுப்பியவர்களும் தங்களை ரசிகர்கள் என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். கொரியாவில் பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பது 2021 அக்டோபர் வரை சிறு அபராதத்தோடு போனது. இப்போது மூன்று ஆண்டு வரை சிறை. இணைய அவதூறுக்குத் தனிச் சட்டம் இருக்கிறது. இணைய வசைகளுக்கு ஆளாகிவந்த பாடகியும் நடிகையுமான சுல்லி 2019இல் இறந்த பிறகு பெரிய இணையதளங்கள் பொழுதுபோக்குச் செய்திகளின் கீழ் கருத்து எழுதும் வசதியையே நீக்கின. திருச்சிக்குக் காவலர் வருவார் என்று நான் பயமுறுத்தவில்லை. ‘ஒரு வரிதானே’ என்று உன் மனம் சமாதானம் சொல்கிறது அல்லவா, அப்படி எழுதிய எல்லோருமே ஒரு வரிதான் எழுதினார்கள்.

குழுவை விட்டு வெளியே வா. விளக்கக் கடிதம், விவாதம் எதுவும் வேண்டாம். கும்பலில் கோவிந்தா போட்டவர்கள் கும்பலுக்கு நடுவில் நின்று யோசிக்க மாட்டார்கள். ஓரிருவரோடு உண்மையான நட்பு இருந்தால் தனியாகப் பேசு: நான் இரண்டு பக்கங்களிலும் எழுதியதை அழித்துவிட்டேன், நீயும் அழிக்கிறாயா என்று கேள். கேட்டால் நல்லது, கேட்காவிட்டால் விடு. சில வாரங்கள் உனக்குத் தனிமையாக இருக்கும். இரண்டு ஆண்டு இரவுகளை அங்கே கழித்திருக்கிறாய். அந்தத் தனிமை உண்மையானது, அதைக் கேலி செய்ய மாட்டேன்.

தொடரை வெறுக்க வேண்டுமா என்று நீ கேட்கவில்லை. ஆனால் கடிதம் முழுக்க அந்தப் பயம் தெரிகிறது. குடைக் காட்சியைப் பற்றி நீ எழுதிய ஒன்றரைப் பக்கத்தை இடம் போதாமல் இரண்டு வரியாகச் சுருக்கிவிட்டேன். அவன் நனைந்த தோளை மறைக்கப் பையை மாற்றி மாட்டிக்கொண்டதை நீ கவனித்திருந்தாய். நானும் தொடரைத் தேடிப் பார்த்தேன், எனக்கு அது முதலில் கண்ணில் படவில்லை. அதை மட்டும் தனியாக எழுதி எனக்கு அனுப்பு. அந்த நடிகரின் பெயரைத் தாராளமாகப் போடு. உணவகத்துப் பெண் அதில் வர வேண்டாம்.