டி.பி.என். ஓடும் லைனில் எடுத்த இரத்தத்தை நம்பலாமா?

குடல் அறுவை சிகிச்சை முடிந்து வீட்டிலிருக்கும் அம்மாவுக்கு வலது கையில் பிக் லைன் (கை நரம்பு வழியே இதயத்துக்குப் பக்கம் வரை போகும் மெல்லிய குழாய்), அதில் இரவெல்லாம் டி.பி.என். (நரம்பு வழியே ஏற்றும், சர்க்கரை கலந்த சத்துத் திரவம்) ஓடுகிறது, காலையில் லேப் ஆள் அதிலேயே இரத்தம் எடுத்துப் போனதில் சர்க்கரை 540 என்று வந்திருக்கிறது, இன்சுலின் போடலாமா என்று ஒரு மகள் கேட்கிறார்.

போடாதீர்கள் அம்மா. முதலில் கையைக் கழுவித் துடைத்து, இடது கை விரலில் குத்தி குளுக்கோமீட்டரில் பாருங்கள். அதிலும் எகிறியிருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். 140, 150 என்றால் அந்த 540 பெரும்பாலும் பையிலிருந்து கலந்த சர்க்கரைதான். 100 மில்லி இரத்தத்தில் சர்க்கரை சுமார் 100 மில்லிகிராம் இருக்கும், பையிலுள்ள 20 சதவீத டெக்ஸ்ட்ரோஸில், அதாவது சர்க்கரைக் கரைசலில், அதே 100 மில்லிக்கு 20,000 மில்லிகிராம், ஆக 2 சதவீதம் கலந்தாலே 400 ஏறிவிடும். அதை நம்பி இன்சுலின் போட்டால் சர்க்கரை தாழ்ந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். மருத்துவரிடம் சொல்லிவிட்டு இடது கை நரம்பில் இன்றைக்கே புதிதாக எடுக்கச் சொல்லுங்கள்.

லைனில்தான் எடுக்க வேண்டுமென்றால் ஓடுவது எல்லாவற்றையும் நிறுத்தி, குறைந்தது 2 நிமிடம் காத்து, சலைன் விட்டுக் கழுவி, முதலில் வரும் 5 மில்லியைக் கொட்டிவிட்டு எடுக்க வேண்டும். லைனுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வாய் இருந்தால், டி.பி.என். ஓடும் வாய் வழியே எடுக்காமலிருப்பதே நல்லது. வீட்டுக்கு வரும் கமிஷன் ஆட்களில் பலருக்கு இது தெரியாது. "குத்தவே வேண்டாம்மா, வலிக்காது" என்பார்கள், லைனின் மூடியை ஸ்பிரிட் பஞ்சால் 15 நொடிகூடத் தேய்க்காமல் சிரிஞ்சை மாட்டுவார்கள். அந்தக் கிருமி நேராக இதயத்துக்குப் பக்கத்தில் போய் இறங்கும். பயிற்சி பெற்ற நர்ஸ் தவிர யாரையும் அந்த மூடியைத் தொட விடாதீர்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் கதை மாறும். குளிர்காய்ச்சல் வந்து லைனில் கிருமியோ என்று சந்தேகம் எழுந்தால், லைனில் வேண்டுமென்றே எடுத்தாக வேண்டும், கையிலும் அதே நேரத்தில் அதே அளவு எடுக்க வேண்டும். அப்போது லைனின் முதல் இரத்தத்தைக் கொட்டக் கூடாது, கிருமி இருப்பதே அதில்தான், மூடியை மட்டும் புதிதாக மாற்றிவிட்டு எடுப்பார்கள். இரண்டையும் தனித்தனிப் பாட்டிலில் விட்டு லேபில் கிருமி வளர்கிறதா என்று பார்ப்பார்கள்; லைன் பாட்டிலில் கிருமி கை பாட்டிலைவிட 2 மணி நேரமாவது முந்தி வளர்ந்தால் பெரும்பாலும் லைன்தான் காரணம். பாட்டில்களில் எது எங்கே எடுத்தது என்று எழுதாமல் அனுப்பினால் அத்தனையும் வீண், அதையும் எத்தனை தடவை சொல்வது!

லேப் படிவங்களில் வயது, போன் நம்பர், இன்ஷூரன்ஸ் எல்லாம் கேட்கிறார்கள், இரத்தம் எங்கிருந்து எடுத்தது, அப்போது என்ன ஓடியது என்று கேட்க ஒரு கட்டமில்லை. அடுத்த முறை நீங்களே படிவத்தின் மேல் "இடது கை நரம்பு, வலது பிக்கில் டி.பி.என்." என்று எழுதிக் கொடுங்கள்.