நோயில் படுத்திருக்கும் ஆண் தன்மேல் பரிவு காட்டுவது பலவீனமா?

மாரடைப்பு வந்து வீட்டில் இருக்கிறேன், குடும்பத்துக்குப் பாரமாகிவிட்டேன் என்று என்னையே திட்டிக்கொள்கிறேன், தன்மேல் பரிவு காட்டுவது சோம்பல் இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இல்லை. நம்மை நாமே திட்டுவதையும் உடம்பு ஆபத்தாகத்தான் எடுத்துக்கொள்கிறது. நெஞ்சு படபடக்கும், கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் கூடும், தூக்கம் கெடும். தேறி வரவேண்டிய நேரத்தில் இது வேண்டாத சுமை.

உளவியலாளர் கிறிஸ்டின் நெஃப் 2003-இல் தன்மேல் காட்டும் பரிவை மூன்றாகப் பிரித்து விளக்கினார்: தன்னிடம் கனிவு, துன்பம் எல்லோருக்கும் பொது என்ற உணர்வு, வலியை மறைக்காமலும் ஊதிப் பெரிதாக்காமலும் பார்ப்பது. இதில் இரண்டாவதுதான் ஆண்களுக்குக் கடினம் என்பேன். ‘ஆம்பளை அழலாமா’ என்று கேட்டே வளர்ந்ததால், நமக்கு மட்டும்தான் இப்படி என்று வாயைக் கட்டிக்கொள்கிறோம்.

மாடிப்படியில் பாதியிலேயே கால் தளர்ந்து, கைப்பிடியைப் பிடித்தபடி நிற்கிறீர்கள். “இதுகூட முடியலையா?” என்று உள்ளே ஒரு குரல். அங்கே உங்கள் நண்பர் நின்றிருந்தால் “மெதுவா வாப்பா” என்றுதானே சொல்வீர்கள்? அதையே உங்களுக்கும் சொல்லுங்கள். மாத்திரையை வேளைக்குப் போடுவதும், முடியவில்லை என்று வீட்டில் வாய்விட்டுச் சொல்வதும்கூடப் பரிவுதான்.

மனச்சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். வாழவே வேண்டாம் என்று தோன்றினால் அன்றைக்கே.