அரசு சாம்பலை அள்ளினால் இன்சூரன்ஸ் பணம் போய்விடுமா?

(இந்தக் கேள்வி-பதில் 2025-இல், அரசின் இலவச அகற்றல் திட்டத்துக்கான கடைசி நாளுக்கு முன் எழுதியது. அந்த நாள் இப்போது கடந்துவிட்டது.)

கேள்வி: கலிபோர்னியாவில் லாஸ் ஏஞ்சலஸ் அருகே ஆல்டடீனாவில் இருந்த எங்கள் வீடு 2025 ஜனவரி மாதம் ஈட்டன் காட்டுத்தீயில் முழுவதும் எரிந்துவிட்டது. அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை இடிபாடுகளை இலவசமாக அகற்றித் தருமாம். ஆனால் படிவத்தில் இன்சூரன்ஸ் விவரம் கேட்கிறார்கள். கையெழுத்துப் போட்டால் வீடு கட்ட வரும் பணத்தை எடுத்துக்கொள்வார்களா? தெரிந்தவர் ஒருவர், "அரசை நம்பாதீர்கள், நானே ஆள் கூட்டி வருகிறேன்" என்கிறார்.

பதில்: வீடு கட்டும் பணத்தைத் தொடமாட்டார்கள். ஒரே இழப்புக்கு இரண்டு இடத்திலிருந்து பணம் வரக்கூடாது என்பது மத்தியச் சட்டம். இன்சூரன்ஸ் விவரம் கேட்பதற்கு அதுதான் காரணம்.

உங்கள் பாலிசியின் முதல் சில பக்கங்களை எடுத்துப் பாருங்கள். 'டெப்ரி ரிமூவல்' (இடிபாடு அகற்றல்) என்று தனி வரியும், எதிரே ஒரு தொகையும் இருக்கிறதா? இருந்தால் அந்தத் தொகை மட்டும்தான் கவுண்டிக்கு (மாவட்ட நிர்வாகத்துக்கு) போகும். உண்மைச் செலவு அதைவிட எவ்வளவு அதிகமானாலும் மீதியை உங்களிடம் கேட்கமாட்டார்கள். தனி வரி இல்லாமல் வேறு தொகையோடு சேர்ந்திருந்தால், வீட்டைக் கட்டி முடித்தபின் மிச்சம் இருந்தால்தான் பேச்சு. இன்சூரன்ஸே இல்லாதவர்களுக்குச் செலவே கிடையாது.

இதில் ஒன்றைப் பலரும் தவறவிடுகிறார்கள். நீச்சல் குளம், பின்கட்டு சிமெண்டுத் தளம், கார் நிறுத்தும் பாதை ஆகியவற்றை அரசு அகற்றாது. அந்த 'டெப்ரி ரிமூவல்' பணத்தை முதலில் இவற்றுக்குச் செலவிடலாம், மிச்சம்தான் கவுண்டிக்கு. ஆனால் பில் வேண்டும். கைக்காசாகக் கொடுத்துவிட்டு வெறும் கையோடு நின்றால் அந்தச் செலவு கணக்கில் ஏறாது. குளத்தை உடைக்கும் முன்பும் உடைத்த பின்பும் படம் எடுங்கள். பில்லில் 'குளம் அகற்றல்' என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள். 'தளம் சுத்தம் செய்தது' என்று பொதுவாக எழுதினால், அரசு செய்யும் வேலைக்கே நீங்கள் பணம் கொடுத்ததாகத் தோன்றும்.

சரி, அந்தத் தெரிந்தவர். தனியார் வழியாகச் செய்வது சட்டப்படி தவறில்லை, கவுண்டி அனுமதி வாங்கிச் செய்யலாம். ஆனால் செலவு பாலிசித் தொகையைத் தாண்டினால் மிச்சம் உங்கள் தலையில்தான் விழும். அவர் கூட்டி வரும் ஆளிடம் மாநில ஒப்பந்ததாரர் உரிம எண்ணையும், அபாயப் பொருள் அகற்றும் சான்றிதழையும் கேளுங்கள். எண்ணை உரிம வாரியத்தின் தளத்தில் நீங்களே தட்டிப் பாருங்கள், அவர் போனில் காட்டுவதை நம்பாதீர்கள். முன்பணம் 1000 டாலர் அல்லது ஒப்பந்தத் தொகையில் 10 சதவீதம், இரண்டில் எது குறைவோ அதற்கு மேல் கொடுக்காதீர்கள். "இன்றே பாதிப் பணம் கொடுத்தால் நாளை லாரி வரும்" என்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். அரசுப் படிவத்தை நிரப்பித் தரக் காசு கேட்பவரையும் அப்படியே. அந்தப் படிவத்துக்குக் கட்டணமே இல்லை.

எனக்கு வயிற்றெரிச்சல் தரும் விஷயம் ஒன்று உண்டு. சாம்பலை அள்ளியபின் 6 அங்குலம் வரை மண்ணையும் சுரண்டி எடுக்கிறார்கள். அதற்குக் கீழே இருக்கும் மண் சுத்தமா என்று சோதிக்க மத்தியப் பேரிடர் உதவி அமைப்பான ஃபீமா பணம் தர மறுத்துவிட்டது. வட கலிபோர்னியாவில் 2018-இல் எரிந்த கேம்ப் காட்டுத்தீக்குப் பிறகு சோதித்தார்கள், இப்போது ஏன் முடியாது? ஆல்டடீனாவின் பழைய வீடுகள் பலவும் ஈயப் பெயிண்ட் தடை வந்த 1978-க்கு முன் கட்டியவை. குழந்தைகள் விளையாடப்போகும் மண் அது. அதனால் அரசு வேலை முடிந்ததும், அஸ்திவாரம் போடுவதற்குள், ஈயத்துக்கும் ஆர்செனிக்குக்கும் ஆய்வகத்தில் சோதித்துவிடுங்கள்.

படிவத்துக்குக் கடைசி நாள் 2025 மார்ச் 31 என்றார்கள், பிறகு ஏப்ரல் 15 என்று தள்ளினார்கள். இன்னொரு முறை தள்ளுவார்கள் என்று காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே கொடுத்து, கொடுத்ததற்கு அத்தாட்சி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை நீங்களாக எதையும் அள்ள ஆரம்பிக்காதீர்கள், திட்டத்தில் இடமே போகலாம்.