நாக்கில் நாலு சொட்டு எலுமிச்சை: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: எலுமிச்சைச் சாறும் காது குடையும் பஞ்சுக் குச்சியும் இருந்தால், ஒருவர் இன்ட்ரோவெர்ட்டா (கூட்டத்தைவிட அமைதியை விரும்பும் உள்முக இயல்புள்ளவரா) இல்லையா என்று சொல்லிவிடலாமாமே? என் மகள் பள்ளி அறிவியல் கண்காட்சியில் இதைச் செய்ய ஆசைப்படுகிறாள். (வாசகி, திருச்சி)

பதில்: தாராளமாகச் செய்யட்டும். 1964-இல் கார்கோரன் என்ற ஆய்வாளர் இதைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். இன்ட்ரோவெர்ட்களின் மூளை இயல்பாகவே கூடுதல் விழிப்பில் இருக்கும், அதனால் சின்னத் தூண்டலும் அவர்களைப் பலமாகத் தாக்கும் என்பது உளவியலாளர் ஹான்ஸ் ஐசன்க்கின் கொள்கை. அப்படியானால் புளிப்பு பட்டதும் அவர்களுக்கு எச்சில் அதிகம் ஊற வேண்டும். சோதனையின் அடிப்படை இதுதான்.

இருபுறமும் பஞ்சுள்ள குச்சியின் நடுவில் தையல் நூலைக் கட்டித் தொங்கவிடுங்கள். குச்சி சாயாமல் மட்டமாக நிற்கும்வரை முடிச்சை நகர்த்தி, அந்த இடத்தில் துளி பசை வைத்துக் காயவிடுங்கள். பிளாஸ்டிக் குச்சியில் முடிச்சு வழுக்கும். காகிதக் குச்சியே நல்லது. எச்சிலை விழுங்கிவிட்டு, ஒரு முனையை நாக்கின் மேல் 20 விநாடி வைத்து எடுக்க வேண்டும். பிறகு நாக்கில் 4 சொட்டு சாறு விட்டு, அதை விழுங்கியதும் மறுமுனையை அதே இடத்தில் 20 விநாடி வைக்க வேண்டும். இப்போது நூலைப் பிடித்துத் தூக்கினால், சாறு விட்ட பிறகு வைத்த முனை நன்றாகத் தாழ்ந்தால் எச்சில் கூடுதலாக ஊறியிருக்கிறது. ஏறக்குறைய மட்டமாகவே நின்றால் எக்ஸ்ட்ரோவெர்ட் (கலகலப்பை விரும்பும் வெளிமுக இயல்புள்ளவர்) பக்கம் என்று கொள்ளலாம்.

கெடுவது எங்கே? அப்போதுதான் சாப்பிட்டவர், தாகத்தோடு வந்தவர், வாயை உலர்த்தும் சளி மாத்திரை போட்டவர் எல்லோரிடமும் முடிவு மாறும். என்ன நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாலும் மாறும். நகை எடை போடும், 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு கிடைத்தால் குச்சியை விட்டுவிட்டு, பஞ்சு உருண்டையை வாயில் வைக்கும் முன்னும் பின்னும் எடை போடச் சொல்லுங்கள். இதையே நான் பரிந்துரைப்பேன். மூன்று நாள், தினமும் ஒரே நேரத்தில் செய்து சராசரி எடுக்கட்டும். பெரும்பாலோர் நடுவில்தான் விழுவார்கள். ஆகவே யார் மீதும் முத்திரை குத்த வேண்டாம். குழுவாகப் பார்க்கும்போதுதான் வேறுபாடு தெரியும்.

கேள்வி: மகன் பாட்டுப் போட்டுக்கொண்டுதான் படிக்கிறான். மகளுக்கு ஃபேன் சத்தமே எரிச்சல். யாரைத் திருத்துவது? (வாசகர், ஈரோடு)

பதில்: இருவரையும் வேண்டாம். 1984-இல் உளவியலாளர் ரஸ்ஸல் கீன் செய்த ஆய்வில், சத்தத்தின் அளவை அவரவரே தேர்ந்தெடுத்தபோது இன்ட்ரோவெர்ட்கள் சுமார் 55 டெசிபலும் (சத்தத்தை அளக்கும் அலகு) எக்ஸ்ட்ரோவெர்ட்கள் சுமார் 72 டெசிபலும் வைத்துக்கொண்டார்கள். ஒருவருக்குப் பிடித்த அளவை மற்றவருக்கு வைத்தபோது இரு தரப்புக்கும் கற்பது தடுமாறியது. அளவு பொருந்துவதுதான் முக்கியம். ஆனால் வார்த்தைகள் உள்ள பாட்டு, வாசிக்கும் வார்த்தைகளோடு மோதும். வரலாறு படிக்கும்போது மகன் வாத்திய இசைக்கு மாறட்டும், கணக்குப் போடும்போது பாட்டு இருந்துவிட்டுப் போகட்டும். ஹெட்போனை அவனுக்குக் கொடுங்கள். சுவரோர மேஜையை அவளுக்குக் கொடுங்கள்.

கேள்வி: பாகற்காயைத் தொடாத பிள்ளை பிடிவாதக்காரனா? (வாசகி, தூத்துக்குடி)

பதில்: இல்லை. கசப்பை உணரும் ஏற்பிகள் மனிதருக்குச் சுமார் 25 வகை உண்டு. அவற்றின் கூர்மை ஆளுக்கு ஆள் மாறும், சிறுவர்களுக்குப் பொதுவாகக் கசப்பு பெரியவர்களைவிட உறைக்கும். 1931-இல் வேதியியலாளர் ஆர்தர் ஃபாக்ஸின் ஆய்வகத்தில் ஒரு தூள் பறந்தபோது, உடனிருந்தவர் கசக்கிறது என்றார். ஃபாக்ஸுக்கோ ஒரு சுவையும் தெரியவில்லை. அந்தத் தூளை உணரும் மரபணு முட்டைக்கோஸ் வகைக் கசப்போடு தொடர்புடையது. பாகற்காய்க் கசப்பின் வேதிப்பொருள்கள் வேறு என்பதால், அந்த ஒரு மரபணுவை வைத்து உங்கள் பிள்ளையைக் கணிக்க முடியாது. உப்பு கசப்பை அடக்கும். மெல்லிய வளையமாக நறுக்கி, உப்புப் பிசறி அரைமணி ஊறவைத்துப் பிழிந்து வறுத்துப் பாருங்கள். முதலில் இரண்டே துண்டு போதும்.