பாதியில் நின்றுவிடும் பிரெட் மாவு: ஈஸ்ட் செத்துவிட்டதா?

கேள்வி: ஏற்காட்டில் சின்ன பேக்கரி வைத்திருக்கிறேன். ஒரு கிலோ மைதாவுக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டுப் பிசைகிறேன். முதல் ஒரு மணி நேரம் மாவு நன்றாக உப்புகிறது, பிறகு அப்படியே நிற்கிறது. வெகுநேரம் கழித்து மறுபடி எழும்புகிறது. சேலத்தில் சரக்கு தருபவர், ஈஸ்ட் செத்துவிட்டது, இம்ப்ரூவர் பவுடர் போடுங்கள் என்கிறார். மலைக்குளிர்தான் காரணம் என்கிறார்கள் பக்கத்தில். எது சரி?

பதில்: இரண்டுமே இல்லை. செத்த ஈஸ்ட் மறுபடி எழும்பாது. குளிர்தான் காரணம் என்றால் ஆரம்பத்திலிருந்தே மந்தமாக இருந்திருக்கும்.

நீங்கள் போடும் சர்க்கரையை ஈஸ்ட் சில நிமிடங்களிலேயே குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் உடைத்துக்கொள்கிறது. அது தீர்ந்தபின் மிஞ்சுவது, மாவின் ஸ்டார்ச்சிலிருந்து உண்டாகும் மால்டோஸ் என்ற வேறொரு சர்க்கரை. மால்டோஸை உள்ளே இழுக்க ஒரு புரதமும் உடைக்க ஒரு நொதியும் வேண்டும். ஈஸ்ட்டில் ஏறத்தாழ 6,000 மரபணுக்கள் உண்டு. இந்த இரண்டுக்கும் உரியவை, குளுக்கோஸ் இருக்கும்வரை பூட்டியே கிடக்கும். வீட்டில் சோறு இருக்கும்போது யார் நெல் குத்துவார்கள்? மிக்1 என்ற புரதம் டி.என்.ஏ. மேல் உட்கார்ந்து அவற்றைத் தடுக்கிறது. குளுக்கோஸ் குறைந்ததும் எஸ்.என்.எஃப்.1 என்ற இன்னொரு புரதம் அதை எழுப்பி விரட்டுகிறது. அதன் பிறகுதான் மால்டோஸ் நொதி தயாராக ஆரம்பிக்கும். மாவு சும்மா நிற்பதாக நீங்கள் பார்ப்பது இந்த நேரத்தைத்தான்.

இம்ப்ரூவரில் பெரும்பாலும் ஸ்டார்ச்சை உடைக்கும் அமைலேஸ் என்ற நொதி இருக்கும். அது மால்டோஸைக் கூட்டும், பூட்டைத் திறக்காது. பெயரும் தேதியும் இல்லாத பொட்டலத்தில் விற்கும் பவுடரைத் தொடவே தொடாதீர்கள். முன்பு இம்ப்ரூவராகப் போட்டுவந்த பொட்டாசியம் புரோமேட் என்ற ரசாயனத்தை 2016-லேயே தடை செய்தாயிற்று. ஆனால் லேபிளே இல்லாத பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்க யார் வருகிறார்கள்? சட்டம் காகிதத்தில் இருக்கிறது, பவுடர் உங்கள் மாவில் இருக்கிறது. ஈஸ்ட்டையும் சில்லறையாக அள்ளித் தருபவரிடம் வாங்காதீர்கள். காற்று நீக்கிய பாக்கெட் அழுத்தினால் கல்லாக இறுகியிருக்க வேண்டும். தொளதொளவென்றிருந்தால் திருப்பிக் கொடுங்கள்.

செய்ய வேண்டியது இதுதான். பாதி மைதாவை, சர்க்கரையும் உப்பும் இல்லாமல், ஈஸ்ட் முழுவதையும் தண்ணீரையும் சேர்த்துப் பிசைந்து மூடி வையுங்கள். மூன்று நான்கு மணி நேரம் ஆகும், ஏற்காட்டுக் குளிரில் கூடவே ஆகலாம். கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், மாவு பொங்கி, நடுவில் லேசாக அமுங்கியதும் மீதியைச் சேருங்கள். அதற்குள் ஈஸ்ட் மால்டோஸுக்குப் பழகியிருக்கும்.

இனிப்பு பன்னுக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. நூறு பங்கு மாவுக்குப் பத்துப் பங்குக்கு மேல் சர்க்கரை போனால், அது கடைசிவரை தீராது. மால்டோஸ் தேவையே இல்லை. அங்கே சிக்கல் வேறு: சர்க்கரைப் பாகு ஈஸ்ட் செல்லிலிருந்து தண்ணீரை உறிஞ்சுகிறது. அதைச் சமாளிக்க செல், தண்ணீரைப் பிடித்துவைக்கும் கிளிசரால் தயாரிப்பதில் இறங்கிவிடும், வாயு குறையும். சாதா ஈஸ்ட்டை இரட்டிப்பாக்கச் சொல்வார்கள், கேட்காதீர்கள். இனிப்பு மாவுக்கென்றே தனி ஈஸ்ட் வருகிறது. உறையில் அப்படி அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.